மாற்று ஊசி

இரண்டும் எனக்கு ஒன்றுபோலத்தான் கேட்கின்றன. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருப்பதால், ஜெயசீலன் திரும்பி "எப்படிங்க்கா இருக்குது?" என்று கேட்கும்போதெல்லாம் தலையை ஆட்டிவைக்கிறேன். முதல் காட்ரிட்ஜுக்கும் ஆட்டினேன், இரண்டாவதற்கும் ஆட்டினேன், மூன்றாவதாக ஓர் எருமையைக் கொண்டுவந்து கத்த விட்டாலும் ஆட்டுவேன். நாகஸ்வரம் இதிலும் நாகஸ்வரம்தான், அதிலும் நாகஸ்வரம்தான். அவர் இந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு, இதில் காற்று இருக்கிறது, அதில் இல்லை, இதில் தவில் அரையடி பின்னால் நிற்கிறது என்று ஏதாவது சொல்லியிருப்பார். வீட்டில் அப்படிச் சொல்லும்போது நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, எங்கே நிற்கிறது, பஸ்ஸுக்கா என்று கேட்பேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார். கழுதை இன்றைக்குக் கற்பூரம் வாங்க வந்திருக்கிறது. ஜெயசீலனின் கடை என்பது கடையே இல்லை, சாய்பாபா காலனியில் அவன் வீட்டு மாடி. சுவரெல்லாம் பஞ்சு அடைத்த பலகை, ஜன்னலை எப்போதோ அடைத்துவிட்டான், ஏசி எலும்பு வரைக்கும் போகிறது. ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு, அவற்றுக்கு நேர் நடுவில் ஒரே ஒரு நாற்காலி. பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வழியில்லாத ரசனை. எத்தனையோ சனிக்கிழமை மத்தியானம் "சீலனைப் பாத்துட்டு வந்தர்றேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாரே, அவர் வந்து உட்கார்ந்தது இதில்தான். கைப்பிடியில் வலது பக்கம் ரெக்சின் தேய்ந்து வெளுத்திருக்கிறது. தாளம் போட்ட இடம். இடது பக்கம் புதுசாகவே இருக்கிறது. நான் வெளுத்த இடத்தில் கையை வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"டீ சொல்லிட்டு வந்தர்றேனுங்க்கா. நீங்க அவசரப்படாம யோசிங்" என்று ஜெயசீலன் கீழே போனான். நல்ல பையன். பையன் என்ன, அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது. மேஜை மேல் இரண்டு காட்ரிட்ஜும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன, புளியங்கொட்டை பருமன்தான் இருக்கும். ரெக்கார்டு மேல் போகிற அந்த நீளக் கையின் நுனியில் இதை மாட்டவேண்டும், இதன் அடியில்தான் ஊசி. ஒன்று காயில் வகை. அவர் வைத்திருந்தது அதுதான், அதே கம்பெனி, அதே நிறம். அதில் ஊசி ஒடிந்தால் முழுசையும் தூக்கி எறியவேண்டியதுதான், ஊசியை மட்டும் மாற்ற முடியாது. இன்னொன்று மேக்னட் வகை. அதில் ஊசியை நகத்தால் இழுத்தால் கழன்று வருகிறது, ஒடிந்தால் இன்னொன்றைச் செருகிக்கொள்ளலாம். "மொரட்டு சாமானுங்க்கா, தாங்கும்" என்றான். காயில் வகைக்குச் சத்தம் ரொம்ப மெலிசாம், அதை ஊதிப் பெரிசாக்க அதற்கென்று தனியாக ஒரு ப்ரீ ஆம்ப் வேண்டுமாம். வீட்டில் பழசு ஒன்று இருக்கிறது, அதைவிட நல்லது என்று அவர் சொல்லிவைத்த ப்ரீ ஆம்ப் பெட்டி பிரிக்காமல் மூலையில் இருக்கிறது. மேலே மார்க்கர் பேனாவால் 'தெய்வசிகாமணி சார்' என்று எழுதியிருக்கிறது. சித்திரையில் சொல்லிவைத்தாராம், ஆவணியில் வந்து சேர்ந்ததாம். நடுவில் ஆடி வந்துவிட்டது. ஆடியில் ஒரு காலை, குளியலறைக்குள் பொத்தென்று ஒரு சத்தம். மூட்டை விழுகிற சத்தம். நான் ஓடிக் கதவைத் தள்ளுவதற்குள் முடிந்துவிட்டது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றையும் ஒரே வாரலில் வாரிக்கொண்டு போய்விட்டது. அந்தப் பெட்டி மேலிருக்கிற பெயரை நான் பார்க்கவே கூடாது என்று நினைக்கிறேன், கண் அங்கேதான் போகிறது. ஆஸ்பத்திரியில் கட்டிலின் கால்மாட்டில் இதேபோல் அவர் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்கள்.

பேச்சு போனது என்றால் முழுசாகப் போயிருந்தாலும் தேவலை. ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது. பாப்போம். தண்ணீர் வேண்டுமா என்றால் பாப்போம். வலிக்கிறதா, பாப்போம். மித்ரா பேசுகிறாள், உங்கள் மகள், என்று போனைக் காதில் வைத்தால் கண்ணில் தண்ணீர் வழிய வழியப் பாப்போம், பாப்போம். சிரிப்பதா அழுவதா. வாழ்நாளெல்லாம் இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தானே என்னை ஓட்டினார். ஊட்டிக்குப் போலாமா, பாப்போம். கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லலாமா, பாப்போம். பம்ப் கம்பெனியில் டிசைன் எழுதுகிற மனிதர், ஆயிரம் வார்த்தை தெரிந்தவர், மண்டைக்குள் அத்தனையும் எரிந்துபோக இது மட்டும் எப்படித் தப்பித்தது என்று எனக்குக் கோபமாக வரும். என் பேர் தப்பித்திருக்கக் கூடாதா. கோதை என்கிற இரண்டே எழுத்து. பூங்கோதை என்று முழுசாகக் கூடக் கேட்கவில்லை. காட்ரிட்ஜ் வாங்கப்போகிறேன் என்று நேற்று இரண்டின் படத்தையும் செல்போனில் காட்டினேன். இதுவா என்றேன், பாப்போம். அதுவா என்றேன், பாப்போம். முகத்தையாவது பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று பார்த்தேன், முகத்தில் பாதி என் பேச்சைக் கேட்கிறது, பாதி கேட்பதில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் சொல்கிறாள், அவருக்கு நாம் சொல்வது முக்கால்வாசி புரிகிறதாம். அதுதான் எனக்குப் பயம். ஒன்றும் புரியாதவருக்கு எதை வாங்கிக்கொண்டு போனாலும் ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு ஒரு நாள் ஜெயசீலன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், என்ன தோன்றியதோ, "ஒரு ரெக்கார்டு போடட்டுங்களாண்ணே?" என்றான். சக்கர நாற்காலியை நான்தான் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். பழைய சினிமாப் பாட்டு, எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ரேடியோக்காரன் தேய்த்துத் தீர்த்த பாட்டு. உறையிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்து ஊசியை இறக்கினான். பாட்டு வருவதற்கு முன்னால் ஒரு சரசரப்பு வருமே, அது வந்ததுமே அவருக்கு வாய் திறந்துகொண்டது, சோறு ஊட்டும்போது குழந்தைக்குத் திறப்பதுபோல. அப்புறம் பாடினார். பாடினார் என்றால் பாடினார், முனகவில்லை, ஒரு முழு வரி, ஆறேழு சொற்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, தெளிவாக. குரல் கரகரத்தது, சுதி எங்கோ போனது, ஆனால் சொல், சொல் வந்தது. ஜெயசீலன் முகத்தைப் பொத்திக்கொண்டான். நான் அழவில்லை. எனக்கு அவரைப் போய் உலுக்கி, இவ்வளவு நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று கேட்கத் தோன்றியது. பாட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டது. அவருக்கு அந்த வரியே மறுபடி வேண்டும். கையை நீட்டுகிறார். நான் ஜெயசீலனைக் கூப்பிட, அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழ, இவர் எங்கள் இரண்டு பேரையும் இடது கையால் விலக்கினார். தன் ரெக்கார்டைத் தானே போடுகிற திமிர். ரெக்கார்டு மேல் போகிற நீளக் கையைத் தூக்கி இறக்க ஒரு சின்ன நெம்பு உண்டு, அதைத் தொடவே மாட்டார், "அது கை நடுங்கறவனுக்கு" என்பார். எல்லாவற்றையும் விரலால்தான். இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கி, வலது கை விரலை அந்த நீளக் கையின் நுனியில் கொண்டுபோய் வைத்தார். ஆடியிலிருந்து அசையாத விரல் அசைந்தது. நான் பார்த்தேன். சத்தியமாக அசைந்தது, தூக்கியது. தூக்கிவிட்டுப் போட்டுவிட்டது. ஸ்பீக்கரில் பொத்தென்று ஒரு சத்தம், அப்புறம் கிழிகிற சத்தம். ஊசியைத் தாங்குகிற குச்சி மயிரளவுதான் இருக்கும், அது ஒரு பக்கமாகத் திரும்பி ஒடிந்து நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாப்போம் என்று கூடச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் வீடு ஊமையாகிவிட்டது. காலையில் நாற்காலியில் ஏற்றினதும் இடது கையால் அந்தப் பக்கம் காட்டுகிறார், கொண்டுபோய் விட்டால் சுற்றாத தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மித்ரா ஓசூரிலிருந்து அதே பாட்டை போனுக்கு அனுப்பினாள். காதோடு வைத்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம் பெரிசாக ஒரு ஸ்பீக்கர் வாங்கி அனுப்பினாள், அதிலும் பாட்டு நன்றாகத்தான் வந்தது, சரசரப்பு மட்டும் இல்லை, வாய் திறக்கவில்லை. "ஒரே பாட்டுதானேம்மா" என்கிறாள். பேச்சுப் பயிற்சிப் பெண்ணும் அதைத்தான் சொல்கிறாள், பேச்சு மூளையில் ஒரு பக்கமாம், பாட்டு இன்னொரு பக்கமாம், எதில் கேட்டாலும் வரவேண்டுமாம். வரவேண்டும்தான், வரவில்லையே. நேற்று மித்ரா, "பட்டனை அமுக்கினா தானா இறங்கி தானா ஏறற மாதிரி மெஷின் இருக்குதும்மா, அப்பா ஒரு பட்டன் அமுக்கினாப் போதும்" என்றாள். பாசத்தில்தான் சொல்கிறாள். ஆனால் நாத்தனார் பார்க்க வந்தாளே, அவள் பாசத்தில் சொல்லவில்லை. காட்ரிட்ஜ் வாங்கவேண்டும் என்று நான் சொன்னதைக் கேட்டு, "முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டாப்பல" என்றாள், கூடத்தில் நின்றுகொண்டு, கூடப்பிறந்த அண்ணனை வைத்துக்கொண்டு. முக்கால்வாசி புரியும் என்கிறாளே அந்தப் பெண், அந்த முக்காலில் இது சேர்ந்ததா, மிச்சக் காலில் சேர்ந்ததா. அவர் காதில் விழக்கூடாது என்று நான் குக்கர் மூடியைத் தரையில் போட்டேன். அதற்கும் பொத்தென்றுதான் சத்தம் கேட்டதாக எனக்கு நினைவு, கணீரென்று கேட்டிருக்கவேண்டும், ஆனால் இந்த நாட்களில் என் காதில் எல்லாமே பொத்தென்றுதான் விழுகிறது. டாக்டர் வேறு போன வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொண்ணு வந்தா தாங்காதுங்கம்மா" என்றார். எப்போது வரும் என்று கேட்டேன். கேள்வியா அது. அவர் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தி வைத்தார்.

ஏசி என் காலைக் குத்துகிறது. முந்தானையை இழுத்துக் காலைச் சுற்றிக்கொள்கிறேன். அந்தக் காயில் வகையைப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது, மருந்துக் குப்பி மாதிரி ஒரு ஆழ்ந்த சிவப்பு. அதை வாங்கிக்கொண்டு போனால், மூலையிலிருக்கிற ப்ரீ ஆம்ப்பையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் எதிரே வைத்தால், பாருங்கள், உங்கள் கை பழையபடி வரும் என்று நான் நம்புகிறேன் என்று சொன்னதாக ஆகும். மேக்னட்டை வாங்கிக்கொண்டு போனால்? அதை அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா. டீக்கடை ஊசி. அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் அந்த மாதிரி வைத்திருந்தார் என்று வருஷக்கணக்கில் கிண்டல் செய்தவர். பெட்டியைப் பிரித்ததும் பார்ப்பார், ஊசி கழலுகிற சாதி என்று தெரிந்துபோகும், அப்புறம் மெதுவாக என் முகத்தைப் பார்ப்பார். இவள் என் கை இனிமேல் போட்டு உடைக்கும் என்றுதான் வாங்கியிருக்கிறாள். வாய் செத்த மனிதரிடம் இதைவிடக் கொடுமையாக ஒன்றைச் சொல்ல முடியுமா, அதுவும் வாயால் சொல்லாமல் சாமானால். அப்படியென்றால் காயிலேதான். காயிலை வாங்கிவிடலாம். கையெழுத்துக்கூடப் போட முடியாத கை என்று எல்லாரும் சொல்லட்டும், நான் காயில் வாங்கினேன் என்று இருக்கட்டும். விலை கிடக்கிறது. ஆனால் மறுபடியும் அந்த விரல் தூக்கும், தூக்கிப் போடும், இதுவும் ஒடியும். இன்னொன்று சொல்லிவைத்தால் வர மாதக்கணக்காகுமாம், அதுவரைக்கும் மறுபடி அந்தச் சுற்றாத தட்டு. அப்புறம் அது ஒடிந்தால். டாக்டர் சொன்னதற்கும் இதற்கும் நடுவில் எத்தனை காயில் வந்துபோக நேரம் இருக்கிறது. இப்படித்தான் நான் மேக்னட்டுக்குப் போகிறேன், அவர் என்னைப் பார்க்கிறார், திரும்பக் காயிலுக்கு வருகிறேன், அது ஒடிகிறது, மேக்னட்டுக்குப் போகிறேன். செக்கு மாடு போல.

ஜெயசீலன் டீயோடு வந்தான். நான் காயிலைக் காட்டி, "இதையே எடுத்துக்கறேன் தம்பி" என்றேன். அவனுக்குச் சந்தோஷம்தான், அண்ணனுக்குப் பழகின சத்தமே கிடைக்கும் என்றான். அப்புறம் தயங்கினான். "ஆனா ஒண்ணுங்க்கா. அண்ணனைத் தொட விட்றாதீங்க. நீங்களே நெம்பைப் புடிச்சு மெதுவா எறக்கி விட்ருங்க. பிளேயருக்கு மேல கண்ணாடி மூடி ஒண்ணு போட்டுத் தர்றேன், பூட்டு வெச்சு. அவரு கைக்கு எட்டாத உயரத்துல வெச்சுட்டீங்கன்னா காயில் வருசக்கணக்கா வருமுங்." டீ சூடாக இருந்தது, நான் ஊதினேன். பூட்டு. கைக்கு எட்டாத உயரம். அவன் நல்லதற்குத்தான் சொல்கிறான். காயில் பிழைக்கவேண்டுமென்றால் அது ஒன்றே வழி. அப்படியென்றால் அந்த விரல் தூக்கியதே, அது இனி என்ன செய்யும். மடியில் கிடக்கும். நான் நெம்பை இறக்குவேன், அவர் வாய் திறப்பார், பாடுவார், ஒரு வரி, இரண்டு வரி, கை நீட்டுவார், நான் கையைத் தட்டிவிடுவேன். அடுப்பருகே போகிற குழந்தையைத் தட்டுகிறதுபோல. ஒரு நாள் நீட்டுவதை நிறுத்திவிடுவார். அன்றைக்கு எல்லாரும் நல்லபடியாக அடங்கிவிட்டார் என்பார்கள். எனக்கு மில் ஞாபகம் வந்தது, சம்பந்தமில்லாமல் வந்ததாகத்தான் முதலில் நினைத்தேன். நான் மில்லில் நூல் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள், எந்த மெஷினில் எத்தனை நூல் அறுகிறது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. புதிதாக வந்த மேனேஜர் ஒரு மீட்டிங்கில், இந்த மெஷினைப் பாருங்கள், நேற்று முழுக்க ஓர் இழைகூட அறவில்லை, மற்ற எல்லா மெஷினும் இப்படி இருக்கவேண்டும் என்றார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார்கள். நான்தான், "அது நேத்து ஓடவே இல்லீங்க சார்" என்றேன். பெல்ட் போய் நின்றிருந்தது. ஓடுகிற மெஷினில்தான் நூல் அறும். அறுந்தால் ஒட்டுவார்கள், மறுபடி அறும், மறுபடி ஒட்டுவார்கள், அந்த நீள வரிசையில் பொம்பளைகள் நாளெல்லாம் நடப்பது அதற்குத்தான். யாரும் அதற்காக மெஷினை நிறுத்திப் பூட்டிவைப்பதில்லை. டீயை அப்படியே மேஜை மேல் வைத்தேன்.

"தம்பி, நான் ஒருதடவை எறக்கிப் பாக்கட்டுமா?" என்று கேட்டேன். அவன் மேக்னட்டை மாட்டியிருந்த பிளேயரைக் காட்டி நெம்பைப் பிடிக்கச் சொன்னான். "நெம்பு வேண்டாம்" என்றேன். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுப் பிளேயரை நான் தொட்டதில்லை, தூசு தட்டக்கூட அனுமதி கிடையாது, சேலைத் தலைப்பு பட்டால் ஊசி போய்விடுமாம். ஆள்காட்டி விரலை நுனிக்கடியில் கொடுத்தேன். கனமே இல்லை. கனம் இல்லாததுதான் கஷ்டம், கனமாக இருந்தால் பிடித்துக்கொள்ளலாம், இது இருக்கிறதா இல்லையா என்றே விரலுக்குத் தெரியவில்லை. ரெக்கார்டு கீழே சுற்றிக்கொண்டே இருக்கிறது, பார்த்தால் தலை சுற்றுகிறது. இந்த நல்ல கை, ஒரு நோயும் இல்லாத கை, நடுங்குகிறது. செத்த கையை வைத்துக்கொண்டு அவர் இதைத் தூக்கினாரா. ஐயோ, எவ்வளவு ஆசைப்பட்டிருக்கவேண்டும். நினைத்த அந்த நொடியில் விரல் நழுவிவிட்டது. பொத். ஆளுயர ஸ்பீக்கர் இரண்டும் சேர்ந்து என் நெஞ்சில் அடித்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன், குளியலறைக் கதவு, ஈரத் தரை, கோணிய வாய், எல்லாம் வந்தது, வந்து அப்படியே நின்றது. அதற்கு மேல் சரசரவென்று சத்தம் வந்தது. அப்புறம் நாகஸ்வரம். "ஒண்ணும் ஆகலீங்க்கா" என்று ஜெயசீலன் குனிந்து ஊசியைப் பார்த்தான், "நேரா நிக்குது பாருங்." நான் பார்க்கவில்லை. விழுந்ததற்கு அப்புறமும் பாட்டு வருகிறது என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று அவன் ஆறுதலுக்குச் சொன்னான், அதற்கு நான் தலையை ஆட்டவில்லை.

"இதுதான் வேணும்" என்றேன். "மேக்னட்டுங்களா? அண்ணன் டீக்கடை ஊசிம்பாரே" என்று சிரிக்கப் பார்த்தான். "சொல்லட்டும். அத்தனை வார்த்தை அவரு வாயில வந்துதுன்னா மருதமலைக்கு நடந்தே வர்றேன்." அவன் காட்ரிட்ஜைக் கழற்றிப் பெட்டியில் வைத்தான். பூட்டுப் போட்ட மூடி வேண்டாம் என்றேன். பிளேயரை நாற்காலியிலிருந்து கை இன்னும் வாகாக எட்டுகிற உயரத்துக்கு இறக்கி வைக்க எப்போது வருவாய் என்று கேட்டேன், நாளைக் காலையில் வருகிறேன் என்றான். அவர் என் முகத்தைப் பார்ப்பாரே, அதை நினைக்காமல் இல்லை. பார்ப்பார். இவள் என் கை போட்டுவிடும் என்று நினைக்கிறாள் என்று தெரிந்துகொள்வார். ஆமாம், நினைக்கிறேன், போடுங்கள் என்று எதிரே உட்கார்ந்து நானும் பார்ப்பேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "அப்ப இந்த ப்ரீ ஆம்ப்பை என்ன பண்றதுங்க்கா, அண்ணன் பேர்ல வந்தது? வேற ஆளுக்குக் குடுத்தர்றதுங்களா?" என்று மூலையைக் காட்டினான். "பாப்போம்" என்றேன். வாயிலிருந்து வந்தபிறகுதான் எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கவேண்டும், பெட்டியை இன்னும் கொஞ்சம் சுவரோரமாகத் தள்ளி, மேலே ஒரு துணியைப் போர்த்தினான். பேர் மறைந்தது. வேண்டாம் என்று சொல்லமுடியாத அந்த மனிதர் இந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனையை ஒளித்து வைத்திருந்தார் என்று இப்போது தெரிந்து என்ன செய்ய.

"மாத்து ஊசி ஒண்ணு சேத்துப் போட்ரட்டுங்களா?" என்றான். எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். இழுப்பறையைத் துழாவி, தீப்பெட்டி அளவு டப்பாக்களாக எடுத்து மேஜை மேல் வைத்தான், அஞ்சாறு இருக்கும். "எல்லாம் குடுங்க." அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஒரு ஊசி ஒழுங்கா வெச்சுக்கிட்டா ரெண்டு மூணு வருசம் வருமுங். இத்தனை எதுக்குங்க்கா?" "ஒடைக்கறதுக்கு" என்றேன். "ஒடைக்கட்டும் தம்பி. அத்தனையும் ஒடைச்சுப் போட்டு, இன்னும் கொண்டான்னு கையை நீட்டட்டும். நான் மறுக்கா வந்து வாங்கிக்கறேன்." அவனுக்கு முன்னால் அழக்கூடாது என்று பையைத் திறந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக உள்ளே போட்டேன். எல்லாம் சேர்ந்தும் ஒரு எலுமிச்சம்பழக் கனம் இல்லை. மாடிப்படியில் வெயில் அடித்தது, உள்ளே இருந்த குளிருக்கு அது இதமாகத்தான் இருந்தது. ஒடிவதைப் பற்றி எனக்குப் பயம் போய்விட்டது. பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படி இறங்க இறங்க வேறு பயம் கூடவே இறங்கியது. பிரிக்காத டப்பா ஒன்று பின்னால் ஒரு நாள் என் பீரோவில் கிடக்கும், புடவை எடுக்கும்போது கையில் தட்டுப்படும். மருதமலை முருகா, ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.